ஆராய்ச்சிக்கு ஒரே அளவுகோலா?

(புனே நகரில் பயிலும், பணிபுரியும் தமிழர்கள் கூடிய கூட்டமொன்றில் மத்திய அரசு அதிகாரி ஒருவர் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



ஆராய்ச்சியைப் பற்றிப் பேசுவதற்கு ஆராய்ச்சியாளர் ஒருவரை அழைப்பதே முறை. நீங்களோ, ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கும் கோப்புகளைப் பார்ப்பவன் ஒருவனை அழைத்திருக்கிறீர்கள். நான் பொருளாதாரம் படித்தவன். பழஞ்சுவடியைப் படிக்கவோ, அணையின் வலிமையைக் கணக்கிடவோ, விண்ணிலிருந்து வரும் வானொலி அலைகளை அளக்கவோ அறியேன். ஆனால் இம்மூன்று பணிகளையும் செய்வோருடைய விண்ணப்பங்கள் ஏறத்தாழ ஒரே வகையான படிவத்தில், ஒரே மேசையின் மீது வந்து சேர்வதைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். அந்த அனுபவம் ஒன்றே இங்குப் பேச எனக்குள்ள தகுதி.

அப்படிவத்தில் நான்கு கேள்விகள் தவறாமல் இடம்பெறும். பணி எப்போது முடியும்? இவ்வாண்டின் இலக்கு என்ன? எய்தியது எவ்வளவு? பயன்பெறுவோர் யார்? மக்களின் வரிப்பணத்தைச் செலவிடும் எந்த அரசும் இக்கேள்விகளைக் கேட்டே ஆக வேண்டும். கேள்விகளில் தவறில்லை. எல்லா ஆராய்ச்சிகளும் அவற்றுக்கு ஒரே வகையில் விடையளிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதில்தான் தவறு இருக்கிறது. துணியை முழத்தால் அளக்கிறோம். நெல்லை மரக்காலால் அளக்கிறோம். பொன்னைத் தராசில் நிறுக்கிறோம். அறிவுத் துறைகளுக்கு மட்டும் ஒரே கோல் எப்படிப் பொருந்தும்?

இதனைப் பொதுப்படையாகக் கூறுவதைவிட, நாம் கூடியிருக்கும் இந்த நகரத்தையே எடுத்துக்காட்டாகக் கொண்டு கூற விரும்புகிறேன்.

சுவடிகளும் சொற்களும்

பண்டார்க்கர் கீழ்த்திசை ஆராய்ச்சி நிறுவனம் 1917ஆம் ஆண்டு இந்நகரில் தொடங்கப்பட்டது. மகாபாரதத்தின் செம்பதிப்பைத் தயாரிக்கும் பணியை அந்நிறுவனம் 1919ஆம் ஆண்டு மேற்கொண்டது. இந்தியா முழுவதும் வழங்கும் ஒரு நூலுக்கு ஆயிரக்கணக்கான ஏடுகள். ஏட்டுக்கு ஏடு வேறுபாடு. சாரதா, நேவாரி, மைதிலி, வங்காளம், தேவநாகரி, தெலுங்கு, கிரந்தம், மலையாளம் எனப் பல எழுத்துகளில் அமைந்த 1,259 சுவடிகள் ஒப்புநோக்கப்பட்டன. இப்பணியின் ஒரு கிளை நம் தஞ்சை சரசுவதி மகாலிலும் நடைபெற்றது என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. கிரந்த எழுத்தில் அமைந்த தென்னாட்டு ஏடுகளும் காசுமீரத்து ஏடுகளும் ஓரிடத்தில் ஒத்துப்போகுமானால், அந்தப் பாடம் மிகப் பழையதாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். ஒன்றையொன்று அறியாத இரு சாட்சிகள் ஒரே செய்தியைக் கூறினால் நீதிமன்றம் அதை எவ்வாறு மதிக்குமோ, அவ்வாறே இதனையும் மதித்தார்கள்.

1925ஆம் ஆண்டு பொதுப் பதிப்பாசிரியர் பொறுப்பை ஏற்ற வி. எஸ். சுக்தங்கர் ஆதி பருவத்தை 1933இல் நிறைவு செய்தார், 1943இல் மறைந்தார். அவருக்குப் பின் பெல்வல்கர், வைத்யா ஆகியோர் தொடர்ந்தனர். 1966ஆம் ஆண்டு அப்பதிப்பு முற்றுப்பெற்றது. தொடங்கியது முதல் 47 ஆண்டுகள்! தொடங்கிய தலைமுறை வேறு. முடித்த தலைமுறை வேறு. வியாசர் சொல்ல விநாயகர் எழுதினார் என்னும், நாம் அனைவரும் அறிந்த கதையைப் பதிப்பாசிரியர்கள் மூலப் பாடத்தில் சேர்க்கவில்லை, பிற்சேர்க்கையில் வைத்தார்கள். மக்கள் விரும்பும் கதை என்பதற்காகச் சான்றை வளைக்கவில்லை. சான்று போதாது என்பதற்காகக் கதையைத் தூக்கி எறியவுமில்லை. நீக்கியவை அனைத்தையும் அச்சிட்டு, "எங்கள் முடிவு தவறென்றால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்" என்று வருங்காலத்தினரிடம் ஒப்படைத்தார்கள். மானிடத் துறை ஆராய்ச்சியின் நேர்மைக்கு இதைவிட நல்ல இலக்கணம் எனக்குத் தெரியாது.

இதே நகரிலுள்ள டெக்கான் கல்லூரியில் வடமொழிக்கான வரலாற்று முறைப் பேரகராதிப் பணி 1948ஆம் ஆண்டு எஸ். எம். கத்ரே அவர்களால் தொடங்கப்பட்டது. இருக்கு வேதம் முதல் அண்மைக்காலம் வரையிலான ஏறத்தாழ 1,500 நூல்களிலிருந்து சொற்களைப் பொறுக்கி எடுத்துச் சிறு தாள்களில் குறித்தார்கள். அத்தாள்களின் எண்ணிக்கை ஒரு கோடியை ஒட்டியது. அவற்றைத் திரட்டுவதற்கே ஏறத்தாழ 25 ஆண்டுகள் சென்றன. முதல் தொகுதி 1976இல் வெளிவந்தது. அதன் பின்னர் எத்தனையோ பகுதிகள் வெளிவந்தும், அகராதி இன்னும் முதல் எழுத்தாகிய அகரத்தைக் கடக்கவில்லை. "பணி எப்போது முடியும்?" என்னும் முதற்கேள்வியை இவர்கள் முன் வைத்துப் பாருங்கள். நேர்மையானவர் எவரும் ஒரு தேதியை எழுத முடியாது.

அதே கல்லூரியின் தொல்லியல் துறையினர், சங்காலியா, தவளிகர், அன்சாரி ஆகியோர் வழிகாட்ட, கோட் ஆற்றங்கரையிலுள்ள இனாம்காவ் என்னும் ஊரில் 1968 முதல் பல பருவங்கள் அகழாய்வு நடத்தினர். நூற்றுக்கு மேற்பட்ட வீடுகளின் தளங்கள் வெளிப்பட்டன. கி.மு. 1600 முதல் 700 வரை அங்கு ஓர் உழவர் குடியிருப்பு இருந்தது. நீர் பாய்ச்சுவதற்கு அவர்கள் வெட்டிய கால்வாயும் கிடைத்தது. கி.மு. 1000ஐ ஒட்டிய காலத்திற்குப் பின் பெரிய செவ்வக வீடுகள் மறைந்து, சிறு வட்டக் குடிசைகள் தோன்றுகின்றன. மழை குன்றி வறட்சி மிகுந்ததால் உழவு தளர்ந்து மக்கள் வறியராயினர் என்பது அகழ்ந்தவர்கள் கண்ட முடிவு. மண்ணுக்கடியில் கிடந்த அடுப்பையும் தானியத்தையும் கொண்டு ஒரு வறட்சியின் பொருளாதார வரலாற்றையே எழுதிவிட்டார்கள். பொருளாதாரம் படித்த எனக்கு இது ஒரு பாடம்.

ஆற்றைச் சிறிதாக்கும் கலை

அதே தக்காணப் பீடபூமியின் அதே வறட்சிதான் இங்கு மற்றோர் ஆராய்ச்சி நிலையம் தோன்றவும் காரணமாயிற்று. இருக்கும் நீருக்கேற்பப் பாசனத்தை அமைப்பது எப்படி என்று ஆராய்வதற்காக அன்றைய பம்பாய் மாகாண அரசு 1916ஆம் ஆண்டு ஒரு சிறு பிரிவை ஏற்படுத்தியது. அதுவே இன்று கடக்வாசலாவில் உள்ள மத்திய நீர், மின் ஆராய்ச்சி நிலையமாக வளர்ந்துள்ளது. அணை, துறைமுகம், ஆற்றுக்கரை ஆகியவற்றின் மாதிரிகளை அங்கே திறந்த வெளியிலும் கூடங்களிலும் கட்டி, நீரை ஓடவிட்டு ஆராய்கிறார்கள்.

முதன்முறை அங்குச் சென்றபோது பொறியாளர் ஒருவர் எனக்குக் கூறிய விளக்கத்தை இன்றும் மறக்கவில்லை. மாதிரியை ஆற்றின் நூற்றில் ஒரு பங்காகக் கட்டினால், அதில் ஓடும் நீரின் வேகத்தையும் நூற்றில் ஒரு பங்காகக் குறைக்கக் கூடாதாம். நீரின் இயல்பு விதிப்படி வேகம் பத்தில் ஒரு பங்காகவே குறைய வேண்டும். காலமும் பத்தில் ஒரு பங்கே. ஆற்றில் பத்து மணி நேரம் ஓடும் வெள்ளம் மாதிரியில் ஒரு மணி நேரத்தில் வடிந்துவிடும். ஒரு வினாடியில் பாயும் நீரின் அளவோ ஓர் இலட்சத்தில் ஒரு பங்கு. மணலை நூறில் ஒரு பங்காகப் பொடித்தால் அது மணலாக இராது, களிமண்ணைப்போல் ஒட்டிக்கொள்ளும். ஆகவே நிலக்கரித் தூள் போன்ற இலேசான பொருளை மணலுக்குப் பதிலாக இடுவதும் உண்டு. "எல்லாவற்றையும் ஒரே அளவில் சுருக்கினால் எங்கள் மாதிரி பொய் சொல்லும், ஐயா" என்றார் அவர். ஒரே ஓர் ஆற்றின் மாதிரிக்குள்ளேயே நீளத்துக்கு ஓர் அளவு, வேகத்துக்கு வேறோர் அளவு, நீரோட்டத்துக்கு மற்றோர் அளவு என்றால், நாட்டின் ஆராய்ச்சி அனைத்துக்கும் ஒரே அளவை விதிக்கும் எங்கள் படிவம் என்ன சொல்லும் என்று அன்று எண்ணினேன்.

பொறியியல் ஆராய்ச்சிக்குத் தேதி உண்டு, மழைக்காலம் காத்திராது. தவறினால் விளைவது என்ன என்பதைப் புனே மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1961 ஜூலை 12ஆம் நாள், கட்டுமானம் முற்றுப்பெறாத நிலையில் நீர் நிரம்பிய பான்சேத் அணை உடைந்தது. கீழேயிருந்த கடக்வாசலா அணையும் உடன் உடைந்தது. வெள்ளம் நகரின் பெரும்பகுதியைச் சூழ்ந்தது. ஆறு ஆண்டுகள் கழித்து, 1967 டிசம்பரில், கோய்னா நீர்த்தேக்கப் பகுதியில் நிலநடுக்கம் ஏற்பட்டுப் பலர் உயிரிழந்தனர். அணைக்குள் முன்பே பொருத்தப்பட்டிருந்த கருவி அந்த அதிர்ச்சியைப் பதிவு செய்தது. அணையொன்றுக்கு மிக அருகில் கிடைத்த வலிய நிலநடுக்கப் பதிவாதலால், உலகெங்கும் கற்காரை அணைகளின் உறுதியைச் சோதிக்கும் கணக்குகளுக்கு அது இன்றுவரை உரைகல்லாக விளங்குகிறது. நிலநடுக்கம் வராதிருந்தால், "ஆண்டுகள் பல சென்றும் இக்கருவி எதையும் பதிவு செய்யவில்லை; பயனற்ற செலவு" என்று எவரேனும் கோப்பில் எழுதியிருக்கக்கூடும். நீர்த்தேக்கம் நிலநடுக்கத்தைத் தூண்டுவது எவ்வாறு என்னும் ஆராய்ச்சி கோய்னாவில் இன்றும் தொடர்கிறது. ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டு நிலத்தின் உட்பகுதியை அங்கு ஆராய்ந்துள்ளார்கள்.

கிடைக்காத விடையும் ஒரு விடை

புனேக்கு வடக்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில், நாராயண்காவ் அருகே கோடத் என்னும் சிற்றூர் உள்ளது. தக்காளியும் திராட்சையும் விளையும் வட்டாரம். வயல்களுக்கிடையே 45 மீட்டர் விட்டமுள்ள வலைக்கிண்ணங்கள் வானத்தை நோக்கி நிற்கின்றன. மொத்தம் 30, அவற்றுள் 14 நடுவில் நெருங்கியும், 16 மூன்று கைகளாக விரிந்தும் ஏறத்தாழ 25 கிலோமீட்டர் பரப்பில் அமைந்துள்ளன. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த வானொலி வானியல் மையம் இதனை நடத்துகிறது.

இதனைத் திட்டமிட்ட கோவிந்த் ஸ்வரூப் அவர்களின் முந்தைய படைப்பு உதகமண்டலத்தில் இருக்கிறது. 530 மீட்டர் நீளமுள்ள அத்தொலைநோக்கியை 1970ஆம் ஆண்டு அங்கு நிறுவினார். அவ்விடத்தின் அட்சரேகை ஏறத்தாழ 11 பாகை; அதே அளவு சரிவுள்ள மலையைத் தேடிக் கண்டுபிடித்து அதன் மீது நிறுத்தினார். ஆதலின் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாயிற்று. ஒரே ஓர் அச்சில் திருப்பினாலே விண்மீனை மணிக்கணக்கில் பின்தொடர முடிந்தது. மலையே கருவியின் ஒரு பாகமாயிற்று. கோடத்திலும் அதே சிக்கன அறிவைக் காண்கிறோம். கனத்த இரும்புத் தகடுகளுக்குப் பதிலாக, இழுத்துக் கட்டிய கம்பிக் கயிறுகளின் மீது மெல்லிய துருப்பிடிக்காத எஃகு வலையைப் பரப்பினார்கள். காற்று வலையினூடே புகுந்து செல்வதால் கிண்ணத்தின் எடையும் குறைந்தது, செலவும் குறைந்தது. இந்தியச் சூழ்நிலைக்கு ஏற்ற தொழில்நுட்பம் என்று நாம் மேடைகளில் பேசுவதற்கு இது செயல்வடிவம்.

நான் வலியுறுத்த விரும்புவது வேறொன்று. 1980களில் இக்கருவியைத் திட்டமிட்டபோது, பிரபஞ்சத்தின் இளமைக் காலத்தில் இருந்ததாகக் கருதப்பட்ட மாபெரும் ஹைட்ரஜன் மேகங்களைக் கண்டறிவது அதன் தலையாய நோக்கங்களுள் ஒன்றாக இருந்தது. அம்மேகங்கள் அகப்படவில்லை. அண்டங்கள் உருவான முறை பற்றிய கொள்கையே இதற்கிடையில் மாறிவிட்டது. எங்கள் படிவத்தின்படி இது "எய்தப்படாத இலக்கு". ஆனால் நடந்தது என்ன? மேம்படுத்தப்பட்ட அதே கருவியைக் கொண்டு, ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட அண்டங்களின் மிக மெல்லிய சமிக்ஞைகளை ஒன்றாகக் கூட்டி, ஏறத்தாழ 800 கோடி ஆண்டுகளுக்கு முன் அண்டங்களில் எவ்வளவு ஹைட்ரஜன் இருந்தது என்பதை 2020இல் அளந்தார்கள். 2016 அக்டோபரில் செவ்வாயில் இறங்கிய ஐரோப்பிய விண்கலம் ஒன்றின் மெல்லிய குரலை இங்கிருந்தே கேட்டார்கள். துடிப்பு விண்மீன்களைப் பல ஆண்டுகள் கவனித்ததன் பயனாக, மிக மெதுவாக அதிரும் ஈர்ப்பு அலைகளுக்கான சான்றை 2023 ஜூன் மாதத்தில் உலகின் பிற குழுக்கள் வெளியிட்டபோது, ஐரோப்பியக் குழுவினருடன் இணைந்து இந்திய அறிஞர்களும் வெளியிட்டனர். ஒரு கேள்விக்காகக் கட்டிய கருவி வேறு பல கேள்விகளுக்கு விடையளித்தது. இயற்பியலில் இது விதிவிலக்கன்று, வழக்கம்.

நாட்டை உறுத்திய எண்

என் சொந்தத் துறையையும் ஒரு சொல்லால் குறிப்பிடாமல் செல்ல இயலாது. 1930இல் நிறுவப்பட்ட கோகலே அரசியல், பொருளாதார நிறுவனத்தைச் சேர்ந்த தாண்டேகர், ரத் ஆகிய இருவரும் 1971ஆம் ஆண்டு இந்திய வறுமையைப் பற்றிய ஆய்வை வெளியிட்டனர். ஒருவருக்கு நாளொன்றுக்கு 2,250 கலோரி உணவு என்னும் அளவை வைத்துக் கணக்கிட்டு, 1960–61இல் ஊரகத்தில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினரும் நகரங்களில் ஏறத்தாழ 50 விழுக்காட்டினரும் அதற்குப் போதிய செலவு செய்ய இயலாதவர்களாக இருந்தனர் என்று கண்டார்கள். அந்த எண்ணைப் பலர் மறுத்தனர். அளவுகோலையே குறை கூறியவர்களும் உண்டு. ஆனால் வறுமையை அளக்காமல் இருப்பது அதன் பின் எந்த அரசுக்கும் இயலவில்லை. இந்த ஆராய்ச்சி ஒரு பொருளையும் உற்பத்தி செய்யவில்லை. காப்புரிமை எதையும் ஈட்டவில்லை. நாட்டின் மனச்சான்றை உறுத்தியது. உறுத்தலை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

எதில் வேறுபடுகின்றன?

இதுவரை கூறியவற்றைத் தொகுத்துப் பார்த்தால், இவ்வாராய்ச்சிகள் மூன்று வகைகளில் வேறுபடுகின்றன என்பது விளங்கும்.

முதலாவது, காலம். பொறியாளருக்கு அடுத்த மழைக்காலம் எல்லை. வானியலாளருக்குக் கருவியின் ஆயுள் எல்லை. பதிப்பாசிரியருக்கும் அகராதி ஆசிரியருக்கும் தம் ஆயுளே போதாது.

இரண்டாவது, தவறு. அணைக் கணக்கில் தவறு நேர்ந்தால் உயிர் போகிறது. ஆதலின் அங்கு ஒவ்வொரு முடிவையும் மற்றொருவர் சரிபார்ப்பது கட்டாயம். இயற்பியலில் எதிர்பார்த்தது கிடைக்காமற்போவது தவறே அன்று. ஒரு வழி அடைபட்டது என்ற செய்தியே அறிவு. சுவடி ஆராய்ச்சியில் மன்னிக்கக்கூடாத தவறு, மாற்றுப் பாடத்தை மறைத்துவிடுவது.

மூன்றாவது, பயன்பெறுவோர். அணையின் கீழ் வாழும் மக்களை எண்ணிவிடலாம். அகராதியைப் பயன்படுத்தப்போகிறவர் இன்னும் பிறக்காதவராகவும் இருக்கலாம்.

என் பிழை ஒன்று

இவற்றையெல்லாம் நான் தொடக்கத்திலேயே அறிந்திருந்தேன் என்று நீங்கள் கருதிவிடக் கூடாது. பணியில் சேர்ந்த சில ஆண்டுகளில் ஒரு கோப்பு என்னிடம் வந்தது. இந்நகரத்தைச் சேர்ந்ததன்று, வேறொரு மாநிலத்தில் சுவடிகளுக்கு விளக்க அட்டவணை தயாரிக்கும் ஒரு திட்டம். பல ஆண்டுகளாக நடந்து வந்தது. "முடியும் நாள்" என்ற கட்டத்தில் "கூற இயலாது" என்று எழுதியிருந்தார்கள். இளமை வேகத்தில் இருந்த எனக்கு அது பொறுப்பின்மையாகத் தோன்றியது. முடிவு தேதியைத் தெரிவிக்கும் வரை தற்காலிகப் பணியிடங்களை நீட்டிக்க வேண்டுவதில்லை என்று குறிப்பு எழுதினேன். குறிப்பு ஏற்கப்பட்டது. சேமித்த தொகை மிகச் சிறியது. ஆனால் சிக்கனம் செய்துவிட்டதாக எனக்குள் மகிழ்ந்தேன்.

சில ஆண்டுகள் கழித்து வேறு பணியின் பொருட்டு அவ்வூருக்குச் சென்றபோது அந்த நிலையத்தையும் பார்த்தேன். பொறுப்பாளராக இருந்த முதிய அறிஞர் என்னை வரவேற்று அமரச் செய்தார். நான்தான் அக்குறிப்பை எழுதியவன் என்பதை அவர் அறிந்திருந்தாரா என்று தெரியவில்லை, அறிந்திருந்தாலும் காட்டிக்கொள்ளவில்லை. அலமாரி ஒன்றைத் திறந்து சில கட்டுகளைக் காட்டினார். "இவ்வட்டார எழுத்தைத் தடையின்றிப் படிக்கக்கூடியவர்கள் இங்கு இருவர் இருந்தார்கள். பணி நீட்டிப்பு இல்லாமையால் ஒருவர் பள்ளிக்கூட ஆசிரியராகச் சென்றுவிட்டார். மற்றவர் வணிகத்துக்குப் போய்விட்டார். ஏட்டைச் செல்லரித்தால் மருந்து வைக்கலாம், ஐயா. படிக்கத் தெரிந்தவர் போய்விட்டால் என்ன வைப்பது?" என்றார்.

நான் விடை கூறவில்லை. அந்த இடங்களுக்குப் பிற்காலத்தில் ஒப்புதல் கிடைத்தது. ஆனால் அவ்வெழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் எவரும் விண்ணப்பிக்கவில்லை. கட்டடத்துக்கு ஓராண்டு பணம் தரத் தவறினால் மறு ஆண்டு தந்து கட்டி முடிக்கலாம். மனிதரிடமிருந்து மனிதருக்குக் கைமாறும் திறமைக்கு ஓராண்டு இடைவெளி விழுந்தால், அதனைப் பின்னர் எந்தத் தொகையாலும் வாங்க இயலாது. பொருளாதாரப் பாடத்தில் நிலையான மூலதனம், நடைமுறை மூலதனம் என்றெல்லாம் படித்திருக்கிறேன். இந்த மூலதனத்தை அந்த முதியவரிடம்தான் கற்றேன்.

கணக்கு வேண்டும், கணக்கு வகை வேறுபட வேண்டும்

அப்படியானால் அறிஞர்களிடம் கணக்கே கேட்கக் கூடாதா? அவ்வாறு நான் கூறவில்லை. நெடுங்காலப் பணி என்ற போர்வையில் ஒன்றும் செய்யாதிருந்த திட்டங்களையும் நான் பார்த்திருக்கிறேன். 2020–21ஆம் ஆண்டில் நம் நாடு ஆராய்ச்சிக்கும் வளர்ச்சிக்கும் செலவிட்டது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 விழுக்காடுதான். கையிருப்பு சிறிது என்றால் அதனைப் பகிர்வதில் கவனம் மேலும் தேவை. எனவே, ஒவ்வொரு துறையையும் அதற்குரிய கேள்வியைக் கேட்போம் என்பதே என் வேண்டுகோள்.

சுவடி, அகராதி, அகழாய்வு போன்ற பணிகளிடம் முடிவு தேதியைக் கேட்பதை விடுத்து, இரண்டு கேள்விகளைக் கேட்கலாம். இவ்வாண்டு பிறர் பயன்படுத்தும் வகையில் வெளியிட்டது என்ன? உங்களுக்குப் பின் இப்பணியைச் செய்ய யாரைப் பழக்கியிருக்கிறீர்கள்? முதற்கேள்வி சோம்பலைத் தடுக்கும். இரண்டாவது இழப்பைத் தடுக்கும். மகாபாரதப் பதிப்பு 47 ஆண்டுகள் நடந்தபோதிலும் பகுதி பகுதியாக வெளிவந்துகொண்டே இருந்தது என்பதையும், பதிப்பாசிரியர் மறைந்தபோது பணி நின்றுவிடவில்லை என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

பொறியியல் ஆராய்ச்சியிடம் வேறு கேள்வி: மாதிரி கூறியபடி ஆறு நடந்துகொண்டதா? கட்டுமானம் முடிந்த பத்தாண்டுகளுக்குப் பின் திரும்பச் சென்று ஒப்பிட்டுப் பார்க்கப் பணம் ஒதுக்கப்படுகிறதா? திட்டம் முடிந்ததும் கோப்பை மூடிவிடுவது நமது வழக்கம். உண்மையான தேர்வு அதன் பிறகுதான் தொடங்குகிறது.

பெருங்கருவிகளை நாடும் இயற்பியலிடம், கருவியைப் பிறருக்கும் திறந்து வைத்திருக்கிறீர்களா என்று கேட்போம். கோடத் தொலைநோக்கியில் எந்நாட்டு அறிஞரும் விண்ணப்பிக்கலாம். தகுதி நோக்கி நேரம் ஒதுக்கப்படுகிறது. வானியலைப் பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவாக்கும் நோக்கத்துடன் 1988இல் இந்நகரில் ஜெயந்த் நார்லிகர் தலைமையில் பல்கலைக்கழகங்களுக்கிடையேயான வானியல் மையம் தோன்றியது. இவை பின்பற்றத்தக்க நெறிகள். எதிர்பார்த்தது கிடைக்கவில்லை என்று எழுதும் அறிக்கைக்கும் மதிப்பளிக்க வேண்டும். இல்லையேல் கிடைத்ததாக எழுதும் ஆசை பிறக்கும்.

சமூக அறிவியலிடம், உங்கள் எண்ணைப் பிறர் சரிபார்க்கத் தரவுகளை வெளியிட்டீர்களா என்று கேட்போம். அவ்வெண் அரசுக்கு உவப்பானதா என்பதை மட்டும் கேட்காதிருப்போம்.

2023ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்துள்ள அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிறுவனம், இயற்கை அறிவியல், பொறியியல் ஆகியவற்றுடன், மானிடத் துறைகளும் சமூக அறிவியலும் அறிவியல், தொழில்நுட்பத்தோடு சந்திக்கும் இடங்களையும் தன் எல்லைக்குள் கொண்டுள்ளது. இது வரவேற்கத்தக்கது. ஆனால் எந்தச் சந்திப்பும் இல்லாமல் தனித்து நிற்கும் சுவடி அறைகளும் உண்டு. அவற்றுக்குத் தேவைப்படும் தொகை, ஒரு பெருங்கருவியின் பராமரிப்புச் செலவில் ஒரு சிறு துளி. சிறிய தொகை கேட்பவர்களுக்குக் குரலும் சிறியதாகவே இருக்கிறது என்பதை எங்கள் மேசையிலிருந்து நான் கண்டிருக்கிறேன்.

நண்பர்களே, உங்களில் இளைஞர்கள் பலர் இருக்கிறீர்கள். பொறியியல் மாணவர் ஒருவர் ஒருநாள் பண்டார்க்கர் நிறுவனத்துக்குச் சென்று பாட வேறுபாடுகளைக் குறிக்கும் முறையைப் பார்க்கட்டும். வடமொழி பயிலும் மாணவர் கோடத்துக்குச் சென்று வலைக்கிண்ணங்களைப் பார்க்கட்டும். ஒருவர் மற்றவருடைய வேலையைச் செய்யக் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. அவர் எதைச் சான்று என்று ஏற்கிறார், எதற்கு அஞ்சுகிறார் என்பதை அறிந்தால் போதும். நாளை உங்களில் ஒருவர் நான் இன்று அமர்ந்திருக்கும் இடத்தில் அமரக்கூடும். "முடியும் நாள்: கூற இயலாது" என்று எழுதிய ஒரு படிவம் உங்கள் மேசைக்கு வரக்கூடும். அப்போது குறிப்பு எழுதுவதற்கு முன், அந்த அறையில் அவ்வெழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்று ஒரு வரி கேட்டு எழுதுங்கள். நான் கேட்கத் தவறியது அதுதான்.